கை செய்வது எளிது, பழக்குவதுதான் பாடம்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய வாதம் இலங்கையெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. எந்தப் பாடத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, பரீட்சைச் சுமையை எப்படி இறக்குவது என்று ஆளுக்கொரு பக்கம் பேசுகிறோம். செய்முறை அறிவு வேண்டும் என்பதில் மட்டும் யாரும் முரண்படுவதில்லை. என்ன செய்முறை, யாருக்காக என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. கண்டிக்கு அருகிலுள்ள குண்டசாலைப் பக்கத்திலிருந்து இதற்கு ஒரு விடை சொல்லலாம். தசையில் எழும் மின் சமிக்ஞையைக் கொண்டு செயற்கைக் கையை இயக்குவதை உயர்தரத் தொழினுட்ப மாணவருக்குக் கற்பிப்போம். அதையும் கையிழந்த ஒருவரை வகுப்பில் ஆசானாக உட்கார வைத்துக் கற்பிப்போம்.

பாடசாலைக் கண்காட்சிகளில் இயந்திரக் கை புதிய பொருளல்ல. பிளாஸ்டிக் குழாய், மீன்பிடி நைலோன் நூல், நாலைந்து சிறு மோட்டர்கள், ஓர் அர்டுயினோ நுண்கட்டுப்பாட்டுப் பலகை. பொத்தானை அழுத்தினால் விரல்கள் மடங்கும். பிரதம விருந்தினர் அந்தக் கையோடு கைகுலுக்குவார், படம் எடுப்பார்கள், சான்றிதழ் கிடைக்கும். மறுவாரம் அது ஆய்வுகூட அலுமாரிக்குள் போய்விடும். செய்த பிள்ளையின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதை அணியப்போகிறவர் யார் என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

கேட்க வேண்டிய தேவை இருக்கிறது. சேட்டுக்குப் பொத்தான் போடுவது, சாரத்தை இறுக்கிக் கட்டுவது, தேங்காய்ப் பாதியைத் துருவலையில் பிடிப்பது, திகன பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சட்டைப்பையிலிருந்து காசு எடுப்பது. எல்லாமே இரண்டு கை வேலைகள். மரம் அரியும் ஆலையிலோ, தேயிலைத் தொழிற்சாலை உருளையிலோ, புல் வெட்டும் இயந்திரத்திலோ, மின்சார விபத்திலோ கையைப் பறிகொடுத்தவருக்கு இவை ஒவ்வொன்றும் காலை முதல் இரவு வரை வரிசையாக வந்து நிற்கின்றன. பிறவியிலேயே கை முழுதாக வளராத பிள்ளைகளும் உண்டு.

இப்படி எத்தனை பேர்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு இயலாமையுடன் வாழ்ந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பில் கேட்கப்பட்டவை பார்வை, செவிப்புலன், நடத்தல், நினைவாற்றல், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்பாடல். நடப்பதற்கு ஒரு கேள்வி இருந்தது. பற்றிப் பிடிப்பதற்கு இருக்கவில்லை.

காலுக்குக் கிடைத்த கவனம்

செயற்கை அவயவம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கால்தான். அதற்குக் காரணமும் உண்டு. கொழும்பில் நட்புறவுச் சங்கத்தின் ஜெய்ப்பூர் கால் திட்டம் 1985இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் வந்தது. கண்ணிவெடி பெரும்பாலும் காலைத்தான் கொண்டுபோகும். போரின் நெடுங்காலத்தில் இந்த நிலையங்கள் எழுந்து நடக்கவைத்தவர்கள் ஏராளம். ராகமையில் 2004இல் தொடங்கிய செயற்கை அவயவப் பயிற்சிப் பாடசாலை இந்தத் துறைக்குப் படித்த தொழில்வல்லுநரைக் கொடுத்தது. தமிழ் வாசகருக்கு இன்னொரு நினைவும் இருக்கும்: ஜெய்ப்பூர் காலோடு மேடையேறிய நடனக் கலைஞர் சுதா சந்திரன்.

காலுக்கு வேலை கடினம், ஆனால் வகை குறைவு. பாரத்தைத் தாங்க வேண்டும், முன்னே வைக்க வேண்டும். கைக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. முட்டையை உடையாமல் எடுக்கும் அதே கைதான் வாளியையும் தூக்குகிறது. அதனால்தான் நல்ல செயற்கைக் கை செய்வது உலகம் முழுவதுமே பெரும் சிரமமாக இருந்து வருகிறது. செய்து முடித்ததையும் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

இது என் ஊகமல்ல. டொரொன்டோவைச் சேர்ந்த எலேன் பிடிஸ், டொம் சாவ் என்ற இரு ஆய்வாளர்கள் 25 ஆண்டுகால ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மின்சாரத்தால் இயங்கும் கையைக் கைவிட்டவர்கள் சராசரியாகப் பிள்ளைகளில் 35 சதவீதம், வளர்ந்தோரில் 23 சதவீதம். தோள்பட்டியால் இழுத்து இயக்கும் பழைய வகைக் கையில் அது இன்னும் அதிகம்: 45, 26. பணமும் வைத்தியசாலையும் பயிற்சியாளரும் இருக்கும் நாடுகளின் கணக்கே இப்படியென்றால், ஒரு தடவை கொடுத்துப் படமெடுத்துவிட்டுப் போகும் நம் வழக்கத்தில் என்ன மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

முன்கைக்குள் நடப்பது

இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொள்ளுங்கள். வலது கை விரல்களை இறுக்கி மடக்குங்கள். முன்கையின் உட்பக்கத்தில் ஒரு திரட்சி எழும்பும். இப்போது விரல்களைத் தளர்த்தி, மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக வளையுங்கள். வெளிப்பக்கத்தில் வேறொன்று எழும்பும்.

விரலை வலுவாக மடக்கும் தசைகள் விரலுக்குள் இல்லை. அவை முன்கையில் இருந்துகொண்டு, நீண்ட தசைநாண்களால் விரல்களை இழுக்கின்றன. ஆகவே மணிக்கட்டோடு கை போன ஒருவரிடமும் விரல்களை மடக்கிய தசையின் பெரும்பகுதி மிச்சமிருக்கிறது. மூளை கட்டளை அனுப்பினால் அது இன்னும் சுருங்கும். சுருங்கும்போது அதில் மின்னழுத்தம் எழும். அதைத் தோலின் மேலிருந்தே பிடித்துவிடலாம். இதயத்துக்கு ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அதே ஒட்டுமின்வாய் போதும்.

பிடிக்கலாம் என்று சொல்வது சுலபம். தோலில் கிடைக்கும் இந்தச் சமிக்ஞை மிக நலிந்தது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே, நன்றாக இறுக்கினால் சில பங்குகள். நம் வீட்டுச் சுவரில் ஓடுவது 230 வோல்ட். அதைவிடச் சங்கடம், தசைச் சமிக்ஞை விநாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 500 அதிர்வுகள் வரையான எல்லைக்குள் இருக்கிறது. சுவர் மின்சாரத்தின் 50 அதிர்வு அதன் நடுவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. மின்விசிறியும் மின்குமிழும் உள்ள வகுப்பறையில் மின்வாயை ஒட்டினால் முதலில் திரையில் தெரிவது தசையல்ல, மின்சார சபைதான்.

இதற்கான தீர்வு அழகானது. தசையின் மேல் இரண்டு மின்வாய், அசையாத முழங்கை எலும்பின் மேல் ஒன்று. தசைமேலுள்ள இரண்டும் கேட்பதில் பொதுவானதைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்க வேண்டும். கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருவர் அருகருகே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் இருவருக்கும் ஒரே அளவு. ஒருவர் காதருகே மெல்லச் சொல்லப்பட்டது அவருக்கு மட்டும்தான். இருவரும் கேட்டதில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஹோர்ன் போய்விடும், இரகசியம் மிஞ்சும். உயர்தர மாணவர் புத்தகத்தில் படிக்கும் பெருக்கிக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் கட்டாயமானது. மின்வாய் உடம்பில் ஒட்டியிருக்கும்போது மடிகணினியின் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். பெட்டரியில் மட்டுமே வேலை. பாதுகாப்புக்கும் அது நல்லது, 50 அதிர்வு இரைச்சலும் குறையும். மாணவர் முதல் நாளில் கற்க வேண்டிய ஒழுங்கு இதுதான்.

எல்லைக்கோட்டை எங்கே வைப்பது?

சமிக்ஞையைப் பெருக்கி, வழுவழுப்பாக்கி, ஓர் எல்லைக்கோடு போடுகிறோம். கோட்டைத் தாண்டினால் மோட்டர் ஓடும், கை மூடும். வெளிப்பக்கத் தசைக்கு இன்னொரு கோடு, அது கையைத் திறக்கும். உலகத்தில் இன்று அணியப்படும் தசைமின் கைகளில் பெரும்பாலானவை இந்த இரு தசை முறையில்தான் இயங்குகின்றன. பல மின்வாய்களின் கோலத்தைக் கணினி பழகி விரல்களைப் பிரித்தியக்கும் முறைகளும் வந்துவிட்டன. ஆனால் அடிப்படை இதுதான்.

கோட்டைக் கீழே வைத்தால், தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடித்திருக்கும்போது தும்மினாலும் கை திறந்துவிடும். மேலே வைத்தால் ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்து இறுக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தசை சோர்ந்துவிடும். வியர்த்தால் சமிக்ஞை மாறும். கையை உயர்த்தினால் மாறும். மின்வாய் ஒரு விரலளவு நகர்ந்தால் அடுத்த தசையின் பேச்சுக் கேட்கும். ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் இந்தக் கோடு வேறு. இதைக் கணினி முன்னால் தனியே இருந்து கண்டுபிடிக்க முடியாது. அணிபவரோடு பக்கத்தில் உட்கார்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அணிபவரின் வேலை இன்னும் வினோதமானது. கை இல்லை, ஆனால் அந்தக் கையை மூடச் சொல்கிறார்கள். "கை இருக்கிற மாதிரியே நினைச்சுக்குங்க அண்ணே. விரலை மெதுவா மடக்குங்க. போதும், விடுங்க" என்பது பயிற்சியறையில் ஓயாமல் ஒலிக்கும் வாசகம். இழந்த கை இன்னும் இருப்பதாகவே பலருக்கு உணர்வு இருக்கும். சிலருக்கு அது வலியாகவே இருக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி.எஸ். இராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு பெட்டியும் ஒரு முகக்கண்ணாடியும் வைத்து வழி காட்டினார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்த வேண்டும். இருக்கும் கையை அசைத்தால் போன கை அசைவதாக மூளை எடுத்துக்கொள்ளும். இப்படிச் செய்து சிலருக்கு வலி குறைந்தது. இன்று தசைமின் கைக்குப் பழக்குவோரும் இந்தக் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். அதை எந்தப் பாடசாலைத் தச்சுப் பட்டறையிலும் ஒரு மாலைக்குள் செய்துவிடலாம்.

வேலூரில் ஏற்கனவே நடந்தது

தசையைப் புது வேலைக்குப் பழக்குவதில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் வந்த போல் பிராண்ட், தொழுநோயால் முடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யத் தொடங்கினார். நல்ல தசையொன்றின் நாணை எடுத்து, செயலற்ற விரலோடு இணைப்பது. அறுவை முடிந்ததும் விரல் அசைந்துவிடாது. முன்பு வேறு வேலை பார்த்த தசை அது. பழைய அசைவை நினைத்துப் புதிய அசைவைச் செய்ய நோயாளி வாரக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் முடித்த இடத்தில்தான் பயிற்சியாளரின் வேலை தொடங்கியது.

அங்கே இன்னொன்றும் நடந்தது. விரல் நிமிர்ந்து ஊருக்குத் திரும்பிய சிலர் மனம் உடைந்து பிராண்டிடம் மீண்டும் வந்தார்கள். கை பார்க்க நன்றாக இருந்ததால் யாரும் பிச்சை போடவில்லை, தொழுநோய் வடு இருந்ததால் யாரும் வேலை கொடுக்கவுமில்லை. அதன் பிறகுதான் தச்சு வேலை கற்றுக்கொடுக்கும் நவஜீவ நிலையம் 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. அதே வேலூரில் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்து, சக்கர நாற்காலியிலிருந்தே கை அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 1966இல் தொடங்கிய புனர்வாழ்வு நிலையத்துக்கும் அவரே தலைமை தாங்கினார்.

கையைத் திருத்துவது, பழக்குவது, அந்தக் கைக்கு ஒரு வேலையைத் தேடுவது. வேலூர் மூன்றையும் சேர்த்தே செய்தது. நம் கண்காட்சிகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன.

இயந்திரம் மலிந்துவிட்டது

தசையின் மின் சமிக்ஞையால் இயங்கும் கையை முதலில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் ரைன்ஹோல்ட் ரைட்டர். 1948இல் அதை வெளியிட்டார். வெற்றிடக் குழாய்களால் ஆன அந்தக் கருவியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. 1960இல் மொஸ்கோவில் கொப்ரின்ஸ்கி குழுவினர் டிரான்சிஸ்டரோடு அதை உடம்பில் அணியத்தக்கதாக்கினார்கள். 2007இல் ஸ்கொட்லாந்திலிருந்து விரல்கள் தனித்தனியே அசையும் ஐ-லிம்ப் வந்தது. அந்த வகைக் கைகளின் விலை இன்றும் நம் பணத்தில் பல மில்லியன்.

விலையை உடைத்தது பொறியியலாளர் மட்டுமல்ல. தென்னாபிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் 2011இல் வாள் இயந்திரத்தில் விரல்களை இழந்தார். கட்டுப்படியான செயற்கை விரல் கிடைக்காமல், இணையத்தில் கண்ட அமெரிக்கர் ஐவன் ஓவனோடு சேர்ந்து தாமே வடிவமைத்தார். அந்த வடிவங்களை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். முப்பரிமாண அச்சில் கைகள் செய்து கொடுக்கும் ஈ-நேபிள் என்ற உலகளாவிய தன்னார்வக் கூட்டம் அங்கிருந்துதான் பெருகியது. அந்த முதல் வடிவமைப்பாளர்களில் ஒருவர் விரல்களை இழந்தவர் என்பதைக் கவனியுங்கள்.

தசைச் சமிக்ஞைக்கும் அதே கதைதான். அமெரிக்காவின் பேக்யார்ட் பிரெய்ன்ஸ் நிறுவனம், தசையால் இயங்கும் ஒரு சிறு பற்றுக்கருவியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே விற்கிறது. டில்லியின் அப்சைட் டவுன் லேப்ஸ் தசை, இதயம், மூளைச் சமிக்ஞைகளைப் படிக்கும் சிறு பலகைகளைச் செய்து, அவற்றின் வரைபடங்களையும் வெளியிட்டிருக்கிறது. ஓர் உணரிப் பலகை, ஓர் அர்டுயினோ, ஒரு சேர்வோ மோட்டர், ஒட்டுமின்வாய்கள் எல்லாம் சேர்ந்து ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குள் அடங்கிவிடும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டிய பின்னும் இந்தக் கணக்கு பொய்க்கவில்லை.

ஏன் குண்டசாலை?

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் ஏ26 வீதியை நினைத்துப் பாருங்கள். நத்தரம்பொத்தவில் கலாபுர கைவினைக் கிராமம். பித்தளையையும் வெள்ளியையும் தட்டித் தட்டி உருக்கொடுக்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. பல்லேகலையில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள். திகனயில் புனர்வாழ்வு வைத்தியசாலை. இந்தப் பக்கம் திரும்பினால் கண்டி தேசிய வைத்தியசாலை, அதைத் தாண்டினால் பேராதனைப் பொறியியல் பீடமும் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடமும். சுற்றிலும் சிங்கள, தமிழ், முஸ்லிம் பாடசாலைகள். கொழும்புக்குப் போகாமல், ஒரு பஸ்ஸில் ஏறி இறங்கும் தூரத்தில் சத்திரசிகிச்சை, பயிற்சி, பொறியியல், கைவினை, தொழில் எல்லாம் இருக்கும் இடங்கள் நாட்டில் அதிகமில்லை.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் தொடங்கியது. ஆயிரம் பாடசாலைத் திட்டத்தின் கீழ் மஹிந்தோதய ஆய்வுகூடங்களும் கட்டப்பட்டன. கட்டடம் இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டிக் கிடக்கும் கருவிக்கும் பல இடங்களில் குறைவில்லை. தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் நிலைமை வேறு. அங்கே கணித, விஞ்ஞான ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட பாடசாலைப் பிள்ளையை இந்த முயற்சியில் பின்வரிசையில் நிறுத்தக் கூடாது. தேயிலைத் தொழிற்சாலை உருளைக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் அவர்களுடைய பெற்றோர்தான்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தசைமின் கை எல்லாருக்கும் ஏற்றதல்ல. மழையில் நனையும், சேறு படும், பாரம் தூக்கும் வேலைக்குத் தோள்பட்டியால் இழுக்கும் கொக்கியே பல நேரங்களில் மேல். அது பார்வைக்கு அழகில்லை, ஆனால் பெட்டரி கேட்காது, பழுதானால் ஊர்ப் பட்டறையில் சரி செய்யலாம். மனிதக் கையின் எடை ஏறத்தாழ 400 கிராம். அதே எடையுள்ள செயற்கைக் கை அதைவிடப் பாரமாகத் தோன்றும், ஏனென்றால் அது எலும்போடு இணையாமல் தோலில் தொங்குகிறது. சிலருக்கு எதுவும் அணியாமல் ஒரு கையால் வாழப் பழகுவதே வசதி. அந்த முடிவையும் மதிக்க வேண்டும். மாணவர் செய்யும் கை மருத்துவக் கருவியல்ல என்பதை ஆசிரியர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அது கற்பதற்கும், தசையைப் பழக்கிப் பார்ப்பதற்கும் மட்டும்.

செய்யக்கூடியவை

முதலாவது, வகுப்பின் ஒழுங்கு. முதல் சில வாரங்களுக்கு இயந்திரக் கையே வேண்டாம். மாணவர் தம் முன்கையில் மின்வாய் ஒட்டி, தசையை இறுக்கி ஒரு சிறு விளக்கை ஏற்றட்டும். ஒருவர் எல்லைக்கோட்டில் மற்றவருக்கு விளக்கு ஏன் எரியவில்லை என்று சண்டை பிடிக்கட்டும். வியர்வையோடு ஒரு தடவை, தோலைத் துடைத்து ஒரு தடவை அளந்து எழுதட்டும். அதற்குப் பிறகு பற்றுக்கருவி. கடைசியில்தான் விரல் வடிவம்.

இரண்டாவது, அணிபவர். திகன வைத்தியசாலையின் தொழில்வழிச் சிகிச்சையாளரும் இயன்மருத்துவரும் தெரிந்தெடுத்து, அவர் விரும்பினால் மட்டும் வர வேண்டும். அவர் மாணவருக்குச் சோதனைப் பொருளல்ல. எதைப் பிடிக்க வேண்டும் என்று சொல்பவர் அவர்தான். மேலை நாடுகளில் மரக்கட்டைகளை ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிக்கு மாற்றச் சொல்லிக் கைத்திறனை அளக்கிறார்கள். நமக்கு நம் பட்டியல் வேண்டும். போத்தல் மூடி திறப்பது, வெங்காயத்தை அசையாமல் பிடிப்பது, சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்வது, முச்சக்கர வண்டியின் கைபிடி, சில்லறை எண்ணுவது. இந்தப் பட்டியலை எழுதுவதே மாணவரின் முதல் ஒப்படையாக இருக்கலாம்.

மூன்றாவது, மேற்பார்வை. பேராதனை இறுதியாண்டு மாணவர்கள் வழிகாட்டிகளாக வரலாம், அவர்களுக்கு அது செயற்றிட்டப் புள்ளியாகவும் அமையும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பயோனிக்ஸ் ஆய்வுகூடம் செயற்கைக் கைகளில் ஆண்டுக்கணக்காக வேலை செய்து வருகிறது. அங்குள்ள அனுபவத்தைக் கண்டிக்கும் அழைக்கலாம். மனிதரோடு செய்யும் எதுவும் உரிய பல்கலைக்கழகப் பீடத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் பெற்றோர் சம்மதத்தோடும் நடக்க வேண்டும். முகம் தெரியும் படங்கள் முகநூலுக்குப் போகக் கூடாது. இதைப் பாடசாலை அதிபரே பொறுப்பேற்க வேண்டும்.

நான்காவது, மொழி. செய்முறைத் தாள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். சிங்களத்தில் வந்து ஆண்டுக்கணக்கில் கழித்துத் தமிழில் வருவதும், அப்படி வந்த தமிழை ஆசிரியரே விளங்கிக்கொள்ளத் தடுமாறுவதும் நமக்குப் பழகிப்போன கதை. தமிழ் மூலமாகவே கற்பிக்கும் ஓர் ஆசிரியர் அதை முதலிலிருந்து எழுத வேண்டும்.

ஐந்தாவதாக, பராமரிப்பு. நன்கொடையாளர்கள் கை வாங்கிக் கொடுக்க முன்வருகிறார்கள். பெட்டரி மாற்றவும், அறுந்த நூலைக் கட்டவும், தோல் புண்ணானால் மிஞ்சிய கை பொருந்தும் குழிப்பாகத்தைத் திருத்தவும் யாரும் பணம் கொடுப்பதில்லை. ஒரு கைக்கென்று ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்றே எடுத்து வைக்க வேண்டும். நத்தரம்பொத்தப் பித்தளைக் கலைஞர் ஒருவருக்குக் கீல்களும் கொக்கிகளும் செய்யும் வேலை இதில் இருக்கிறது. கொடுத்த கைகளின் எண்ணிக்கையோடு, ஓராண்டு கழித்தும் அணியப்படும் கைகளின் எண்ணிக்கையையும் வெளியிடுமாறு மாகாண சுகாதாரத் திணைக்களம் கேட்க வேண்டும். நன்கொடை நிறுவனங்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது. பரவாயில்லை.

சட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அங்கவீனமுற்றோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கம். அங்கவீனமுற்றோர் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. துணைக்கருவியும் புனர்வாழ்வும் அதில் உரிமையாக எழுதப்பட்டிருக்கின்றன. உதவிக் கருவி தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல் என்றும், சில வறிய நாடுகளில் அவர்களில் நூற்றுக்கு மூவருக்கே அது கிடைக்கிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. நம் அமைச்சுகளில் அந்த அறிக்கையின் பிரதி எங்காவது இருக்கும்.

தொடங்குவதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. ஒரு வகுப்பறை, நான்கு தொகுதிக் கருவிகள், ஒரு சிகிச்சையாளர், கையிழந்த இருவர், ஒரு தவணைக் காலம். வலயக் கல்விப் பணிமனை நினைத்தால் அடுத்த தவணைக்கே செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அந்த இருவருக்கும் பஸ் காசும், இழந்த நாட்கூலியும், அதற்கு மேல் வளவாளர் கொடுப்பனவும் கிடைக்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர் வந்தால் கொடுக்கும் அதே கொடுப்பனவு. படிவத்தில் வளவாளரின் தகைமை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று எழுதுவினைஞர் கேட்பார். எத்தனை ஆண்டாக ஒரு கையால் வாழ்கிறார் என்பதை எழுதிக்கொடுக்கலாம்.